விசேஷம் ஏதுமில்லை

கன்னியப்பன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதி முடித்துவிட்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு இது நடக்கும். வெள்ளானூர் சித்தேரியிலிருந்து ஆவடியிலிருந்த எங்கள் செக்‌ஷன் ஆபீசுக்கு நடந்தே வந்து, என் மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்று, அந்த வாரம் ஏரியில் நடந்ததையெல்லாம் ஒப்பிப்பார். காக்கிச் சட்டை துவைத்திருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்திருக்கும். "பெரிய மதகாண்ட நண்டு வளை ஒண்ணு கீது சார். கை உட்டுப் பாத்தேன், தோள் வரிக்கும் போவுது. களிமண்ண உருட்டி உருட்டி அட்சி, மேல ஏறி மெறிச்சிக்கீறேன். நண்டுதான் கட்சிட்டு ஓடிட்ச்சி" என்று விரலைக் காட்டினார். "அப்பால, செங்கல் சூளைக்காரனுங்க கரை அடில மண்ணு வெட்ட வந்தானுங்க. கடப்பாரையப் புடுங்கி வச்சிக்கினேன். கோதண்டம் ஐயா ஊட்டு எருமைங்க மறுபடியும் கரை மேல ஏறுது. கேட்டா, நீ இன்னா கலெக்டரான்றாரு." பதிவேட்டில் அந்த வாரத்துக்கான கட்டத்தில் நான் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: விசேஷம் ஏதுமில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மை அட்டையில் கட்டைவிரலை ஒற்றி, நான் எழுதியதற்குப் பக்கத்தில் பயபக்தியோடு ரேகை வைத்தார். மீதி மையைத் தலையில் தடவிக்கொண்டு, "வரேன் சார்" என்று புறப்பட்டார்.

நான் சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். சோம்பேறிதான், ஆனால் இது என் சொந்தச் சோம்பலல்ல, அலுவலகத்தின் பரம்பரைச் சொத்து. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெறும்போது ஒரு தலையணையோடு சேர்த்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. நண்டு வளை என்று எழுதினால் செக்‌ஷன் ஆபீசர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தால் மதிப்பீடு போட வேண்டும். மதிப்பீடு மேலே போனால், வளையின் ஆழம் குறிப்பிடப்படவில்லை என்று திரும்பி வரும். ஆழத்தைக் குறிப்பிட்டு அனுப்பினால், அளந்தவர் யார், அவருக்கு அளக்க அதிகாரம் உண்டா என்று வரும். அதற்குள் கன்னியப்பன் வளையை அடைத்து, அதன் மேல் புல்லும் முளைத்திருக்கும். அடைத்த வளைக்கு எதற்குக் காகிதம்? ஆகவே விசேஷம் ஏதுமில்லை. அதன் கீழே எங்கள் செக்‌ஷன் ஆபீசர் சண்முகசுந்தரம் கையெழுத்துப் போடுவார். பச்சை மசியில் கையெழுத்துப் போட அவருக்கு இன்னும் ஒரு பதவி உயர்வு பாக்கி இருந்தது. அதனால் நீல மசியிலேயே பச்சை மசியின் கம்பீரத்தோடு, அடுத்த வாரக் கட்டத்திலும் கால் நீட்டும்படி போடுவார்.

ஏரிக்கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியருக்கு எங்கள் துறையில் லஸ்கர் என்று பெயர். கப்பலில் வேலை பார்ப்பவனுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. கட்டுமரம்கூட மிதக்காத சித்தேரிக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்டதில்லை. கன்னியப்பன் பதினேழு வருஷமாக லஸ்கர். அன்றைக்கு நான் அவரை வாய்யா போய்யா என்றுதான் பேசினேன். இங்கே போட்டிருக்கும் மரியாதை பிற்பாடு வந்தது.

1972-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் துறைக்குச் சிக்கனம் வந்தது. சிக்கனத்தைப் பற்றிய சுற்றறிக்கை ஏழு பிரதிகளாக வந்தது. காகிதத்தின் இரண்டு பக்கங்களையும் பயன்படுத்த வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்திருந்தார்கள். தேவையில்லாத பணியிடங்களைக் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள், ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு டிரைவர், தலைவரின் பையைத் தூக்க ஒரு பியூன். ஆக, ஆட்குறைப்பின் முதல் பலனாக ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது. அவர்கள் ஒரு புதன்கிழமை ஆவடிக்கு வந்தார்கள். சித்தேரிக்குப் போகிற பாதை சேறாக இருக்கிறது என்று சொன்னதும் தலைவர் பெருந்தன்மையோடு, "ஏரி எங்கே போய்விடப் போகிறது, ரெக்கார்டைக் காட்டுங்கள்" என்றார். வடை சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். மூன்று வருஷம், நூற்றைம்பத்துச் சொச்சம் வாரம், எல்லாக் கட்டங்களிலும் அதே இரண்டு வார்த்தை. "கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே, யாருடையது?" என்றார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அக்டோபர் முதல் வாரம் ஆணை வந்தது. 'மேற்படி ஏரியில் கடந்த மூன்றாண்டுகளாக யாதொரு நிகழ்வும் இல்லாமையால் லஸ்கர் பணியிடம் அவசியமற்றதெனக் கருதப்பட்டு, 31-10-1972 பிற்பகல் முதல் ஒழிக்கப்படுகிறது.' ஐப்பசி மழை தொடங்குகிற சமயமாகப் பார்த்து ஏரிக் காவலை எடுக்க ஒரு தனித் திறமை வேண்டும். சண்முகசுந்தரம் ஆணையை என்னிடம் நீட்டினார். "நேர்ல போய்ப் படிச்சுக் காட்டிட்டு ரேகை வாங்கிட்டு வந்துடுங்க, ஜானகிராமன்" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பதிவேட்டையும் பார்க்கவில்லை.

பதினோரு வருஷமாக அந்த ஏரியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நான் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். அது இவ்வளவு பெரியது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கன்னியப்பன் சொல்லியிருப்பார். பாதித் தண்ணீர்தான் இருந்தது. நடுவில் நாரைகள் நின்றிருந்தன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரை ஏறிய என்னைப் பார்த்ததும் அவர் களிமண் கூடையைப் போட்டுவிட்டு, மரக்கிளையில் மாட்டியிருந்த காக்கிச் சட்டையை ஓடிப்போய் மாட்டிக்கொண்டார். நான் தணிக்கைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் ஆணையை எடுப்பதற்குள் கரையோடு நடத்திக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். "இதான் சார், ஆடி மாசம் சொன்னனே, எலி வளை." நான் குனிந்து பார்த்தேன். "இது போன வருசம் தீவாளிக்கு மின்ன சொன்னது. இந்தப் பனமரத்த வெட்ட வந்தவன் அரிவாள ஓங்கினான்னு சொல்லல? இந்த மரம்தான்." பத்தடிக்கு ஒரு சனிக்கிழமை. பழம்புடவையில் போட்ட தையல்கள் மாதிரி கரை நெடுகக் களிமண் அடைப்புகள். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் நாள் இருந்தது, கிழமை இருந்தது, யாரோடு என்ன சண்டை என்று இருந்தது. நான் எழுதாமல் விட்ட புத்தகத்தை அவர் எனக்குப் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டிக்கொண்டு போனார்.

கலங்கலுக்குப் பக்கத்தில், ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடத்தில், நான்கு எருமைகள் கரைச் சரிவை மிதித்துக்கொண்டு மேய்ந்தன. பின்னால் குடையோடு கோதண்டம் நின்றிருந்தார். ஏரிக்குக் கீழே இருக்கிற நஞ்சையில் பெரும்பங்கு அவருடையது. கன்னியப்பனின் அப்பாவும் தாத்தாவும் அந்த நஞ்சையில்தான் குனிந்தபடி ஆயுளைக் கழித்தார்கள். "ஐயா, எருமைங்கள எறக்குங்க. கரை சரியுது" என்றார் கன்னியப்பன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "வந்துட்டாருடா கவர்னரு! ஏண்டா, ஒங்கப்பன் ஏரியாடா இது?" என்றார் கோதண்டம். "எங்கப்பன் ஏரியா இருந்தா நானே மேய்ச்சிக்குவேன். கவர்மெண்ட்டு ஏரி. எறக்குங்க." கோதண்டம் கன்னியப்பனின் முன்னோர்களை மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லி வைதார். வைதுகொண்டே எருமைகளைக் கீழே ஓட்டிக்கொண்டும் போனார். ஒரு காக்கிச் சட்டை என்ன செய்யும் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். அந்தச் சட்டை இல்லாமல் அந்த மனிதர் அந்த மனிதரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியாது. என் பையில் இருந்த காகிதம் அந்தச் சட்டையைத்தான் கழற்ற வந்திருந்தது.

மதகுக் கல் மேல் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அவர் நின்றுகொண்டே கேட்டார். "ஒண்ணுமே நடக்கலன்னு யாரு சார் சொன்னது?"

"பதிவேட்டுல அப்படி இருக்கு."

"அத்த நீதான சார் எய்துவ?"

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"இன்னா சார் எய்தின?"

சொன்னேன்.

"நண்டு வளை?"

"எழுதல."

"சூளைக்காரனாண்ட கடப்பாரைய புடுங்கினது?"

"எழுதல, கன்னியப்பா."

அவர் கொஞ்ச நேரம் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எங்க ஆயா செத்த வாரம்கூட, பொணத்த எடுத்துட்டு நேரா ஒன்னாண்ட வந்து சொல்லிட்டுப் போனேனே சார். அன்னிக்கும் இதானா?"

அன்றைக்கும் அதுதான். அன்றைக்கும் பக்கத்தில் ரேகை இருக்கிறது.

அவர் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. அந்தப் பொறுப்பை, சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அவர் மனைவி வேம்புலியம்மாள் எடுத்துக்கொண்டாள். "எய்தறதுக்குக் கை நோவுதா சார் ஒனக்கு? இந்த ஆளு என்னியக் கட்டிகினாரா ஏரியக் கட்டிகினாரான்னே எனக்குத் தெரில. சோத்துக்கு ஊட்டுக்கு வராம இங்கயே வாங்கித் துண்ணுது. நீ நெழல்ல ஒக்காந்துகினு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு எய்திகினு இருந்தியா? ஒங்கூட்ல ஒண்ணுமில்லாம பூட!" சாபம் கொடுத்த கையோடு, எனக்கும் ஒரு உருண்டை களியும் மீன்குழம்பும் எடுத்து வைத்தாள். சித்தேரி மீன். நான் சாப்பிட்டேன். அதைவிடக் கேவலமாக நான் எந்த விருந்தும் சாப்பிட்டதில்லை. அதைவிட ருசியாகவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவருக்கு ஸ்டூல் போட்டேன். "மூணு வருஷத்தையும் மொதல்லேர்ந்து சொல்லு" என்றேன். அவர் சொன்னார். தேதி தெரியாது, ஆனால் கூழ் ஊற்றின வாரம், சர்க்கார் பஸ் கவிழ்ந்த வாரம், எருமை கன்று போட்ட வாரம் என்று ஒன்று விடாமல் சொன்னார். பத்தொன்பது பக்கம் ஆயிற்று. கீழே, இவை அனைத்தும் என்னிடம் அவ்வப்போது தெரிவிக்கப்பட்டவை, நான் பதியத் தவறியவை என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். முத்து முத்தாக வரவில்லை.

சண்முகசுந்தரம் பத்தொன்பது பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். "இதெல்லாம் நெசமா?"

"நெசம் சார்."

"அப்போ இதுல நான் கையெழுத்துப் போட்டா, மூணு வருஷமா அதுல போட்ட கையெழுத்தெல்லாம்?"

"பொய் சார்."

"மாசா மாசம் நேர்ல பார்வையிட்டேன்னு வேற எழுதியிருக்கேனேய்யா." நாற்காலியில் சரிந்தார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. அவருக்கு இரண்டு பெண்கள். பச்சை மசி வேறு பாக்கி. கடைசியில், ரகசியம் மாதிரிக் கேட்டார்: "ஏரி எப்படிய்யா இருக்கு?"

"பெரிசா இருக்கு சார். நாரையெல்லாம் இருக்கு."

அவர் பேனாவைத் திறந்தார். 'தனிக் கவனத்திற்கு' என்று எழுதி, தம் உத்தியோக வாழ்விலேயே மிகச் சிறிய கையெழுத்தைப் போட்டார். எறும்பு உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்த மனிதரை அதுவரை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த எறும்புக்காக அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பதில் இருபத்தெட்டாம் தேதி வந்தது. அறிக்கையின் பத்தொன்பது தாள்களிலும் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுதப்பட்டிருப்பது சிக்கனச் சுற்றறிக்கைக்கு முரணானது. இதற்கு உரிய விளக்கம் ஏழு தினங்களுக்குள் அளிக்கப்பட வேண்டும். நண்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல் கன்னியப்பன் காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நீலச் சட்டை, பித்தளைப் பொத்தான், கழுத்தில் விசில். வேம்புலியம்மாளுக்கு மகா திருப்தி, சம்பளமும் கூடுதல். பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "எப்படி இருக்கு வேலை?" என்று கேட்டேன். "கேட்டாண்ட ஒக்காந்துகினே கீறேன் சார். உள்ள போற லாரிக்கு ஒரு சலாம், வெளிய வர லாரிக்கு ஒரு சலாம். ஒரு நண்டுகூட வர மாட்டேன்து" என்றார். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்துக் கேட்டது போல, "தண்ணி எவ்ளோ ஏறிக்கீது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நவம்பர் மூன்றாம் வாரக் கடைசியில், கனமழைக்கு இடையே ஒரு நாள், கோதண்டம் ஆபீசுக்கே வந்துவிட்டார். லஸ்கர் போனதும் முதல் வாரம் எருமைகளைக் கரை உச்சியிலேயே கட்டி வைத்துக் கொண்டாடியிருக்கிறார். இரண்டாவது வாரம் ஊரில் இருந்த எருமையெல்லாம் அங்கே வந்துவிட்டது. மூன்றாவது வாரம் சூளைக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, கரையின் அடியில் இரண்டு நாள் மண் வெட்டினார்கள். "போய்க் கேட்டேன் சார். நீ யாருய்யான்றான். கோதண்டம்டான்னேன். சிரிக்கிறானுங்க!" ஐம்பத்தெட்டு வயதில் தம் பெயர் ஒரு காக்கிச் சட்டைக்குச் சமானம் இல்லை என்று தெரிந்துகொள்வது லேசான காரியமல்ல. "எங்க லஸ்கர எங்களுக்குக் குடுத்துடுங்க சார்."

"அவரைத்தான் நாள் பூரா வைவீங்களே?"

"வையறதுக்கு ஒரு ஆளு வேணும் இல்ல சார்?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது எப்படியோ கேட்டிருக்க வேண்டும். குடையைப் பிரித்து மடக்கிக்கொண்டிருந்தார். நான் காகிதம் எடுத்து அவருக்காக ஒரு மனு எழுதி, அவர் கையெழுத்தை வாங்கினேன். இரண்டு பக்கமும் எழுதினேன்.

பிறகு மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அது தூறலாகக் குறைந்தபோது நான் சைக்கிளை எடுத்தேன். ஏன் என்று மனைவி கேட்டாள். டயரை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறினேன். சித்தேரி கலங்கலைத் தொட்டுக்கொண்டு நின்றது. இவ்வளவு தண்ணீரையும் தாங்கிக்கொண்டிருந்தது வெறும் மண். கரைக்கு மறுபுறம், சூளைக்காரர்கள் வெட்டிவிட்டுப் போன பள்ளத்தில், நீலச் சட்டையோடு ஒருவர் மண்டியிட்டிருந்தார். கம்பெனியில் இரவு டூட்டி முடித்தவர் வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறார். பித்தளைப் பொத்தான்களில் சேறு. பள்ளத்தின் விளிம்பில் கோதண்டம், ஒரு கையில் குடை, மறு கையில் டீ நிறைந்த கண்ணாடி டம்ளர். வீடு பக்கம்தான், டீ அங்கிருந்து வந்திருக்க வேண்டும். எருமை ஒன்றைக்கூடக் காணோம்.

"கிளார்க்கு சார், வா வா. சட்டைய கயட்டிட்டு எறங்கு. ஐயா சும்மா வேடிக்க பாக்றாரு" என்றார் கன்னியப்பன்.

"நான் சும்மா நிக்கலடா, ராத்திரிலேர்ந்து நான்தாண்டா காவலு" என்றார் கோதண்டம். அவர் குரலில் வசவும் இல்லை, அதிகாரமும் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

நான் இறங்கினேன். சுண்டுவிரல் பருமனுக்குக் கரையிலிருந்து தண்ணீர் கசிந்து, கன்னியப்பனின் முழங்காலடியில் தேங்கியது. அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "தெளிவா வந்துச்சின்னா ஒண்ணுமில்ல சார். ஏரி வேத்துக்கினு கீதுன்னு அர்த்தம். கலங்கி வந்தா உள்ளாற மண்ணு போவுது. அப்புறம் ஊர எயுப்ப வேண்டியதுதான். இந்தத் தூறல்ல தெரில. தட்டுல புடிச்சா தெரியாது. கண்ணாடில புடிக்கணும்." நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கோதண்டம் தம் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார்.

டீயைக் கீழே ஊற்றினார். குடையை மடக்கிப் போட்டுவிட்டு, சேற்றில் இரண்டடி இறங்கி வந்து, டம்ளரை நீட்டினார். கன்னியப்பன் ஒரு கணம் வாங்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்தார். சட்டை முழுவதும் சேறு என்று தெரிந்து, இடுப்புத் துண்டில் துடைத்தார். கோதண்டத்தின் கை நீட்டினபடியே இருந்தது. "புடிடா" என்றார் மெதுவாக. வாங்கி, கசிந்து வந்த தண்ணீரிலேயே ஒருமுறை அலசி, கசிவின் வாயில் சாய்த்துப் பிடித்தார். டம்ளர் நிரம்ப வெகுநேரம் ஆயிற்று. நிரம்பியதும் அதைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, மேகத்துக்குள் எங்கேயோ இருந்த வெளிச்சத்தை நோக்கித் திருப்பினார். நாங்கள் இரண்டு பேரும் அவர் தோளுக்கு இருபுறமும் குனிந்தோம். கோதண்டத்தின் மூச்சில் டீ மணந்தது. உள்ளே ஏதோ ஒன்று, நூல் மாதிரி, மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. மண்ணா, டீத்தூளா, இன்னும் அடங்காத குமிழியா என்று சொல்ல முடியவில்லை. "இரு, நிக்கட்டும்" என்றார் கன்னியப்பன். தூறல் வலுத்தது. ஒரு துளிகூட உள்ளே விழாதபடி அவர் தம் உள்ளங்கையால் டம்ளரின் வாயை மூடிக்கொண்டார்.